ஆட்டோ மீட்டரும் ஒய் ஈக்வல் டு எம்எக்ஸ் ப்ளஸ் சி-யும்

முதல்லயே டிஸ்கி போட்டுடறேன். இது கணக்குப் பதிவு. கணக்குன்னாலே அலர்ஜி ஆகற மக்கள் இப்பவே எஸ்கேப் ஆகிடலாம். ஆனா வாழ்க்கையில ஒரு தடவையாவது ஆட்டோக்காரர்கிட்ட சண்டை போட்டிருந்தீங்கன்னா கொஞ்சம் இருந்து படிச்சுட்டுப் போங்க. உங்களுக்கும் இதுல மேட்டர் இருக்கு :-)

நான் சொல்ல வர்றது ஒரே விஷயம்தான். நம்ம பள்ளிக்கூடங்கள்ல நேர்க்கோட்டுக்குக் கிராஃப் போடச் சொல்லித் தர்ற விதம் பசங்களுக்குக் கோட்டை இழுக்கக் கத்துக் குடுக்குது. கோட்டைப் படிக்கக் கத்துக் குடுக்கறதில்லை. இழுக்கற வேலையை இப்போ எந்த ஓசி மென்பொருளும் செஞ்சுடும். படிக்கற வேலைதான் மனுஷனுக்கு மிச்சம். அதைத்தான் நாம விட்டுட்டோம்.

அந்த விதம் உங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். எக்ஸுக்கு மைனஸ் 2, மைனஸ் 1, 0, 1, 2 போடு. ஒய் கண்டுபிடி. கட்டம் கட்டி அட்டவணை எழுது. புள்ளி வை. ஸ்கேலை வச்சு ஒரே இழு. வலது மூலையில அளவுத்திட்டம் எழுத மறந்துடாதே, மார்க் போயிடும். முடிஞ்சது.

எங்க செட் பத்தாவது படிச்சப்போ சமச்சீர் புத்தகத்துல சாய்வும் வெட்டுத்துண்டும் அஞ்சாவது அத்தியாயம், ஆயத்தொலை வடிவியல். வரைபடங்கள் பத்தாவது அத்தியாயம். நடுவுல முக்கோணவியல், அளவியல்னு நாலு அத்தியாயம். அஞ்சாவதுல 'ஒய் = எம்எக்ஸ் + சி, இதுல எம் என்பது சாய்வு, சி என்பது ஒய் வெட்டுத்துண்டு'ன்னு படிச்சு இரண்டு மார்க் கேள்விக்கு விடை எழுதுவோம். பத்தாவதுக்கு வரும்போது அட்டவணை போட்டுக் கோடு இழுப்போம். ரெண்டும் ஒரே ஆளோட ரெண்டு போட்டோன்னு கிளாஸ்ல பேச்சே வராது. வரைபடம் அப்போ பத்து மார்க், இப்போ எட்டு. 'ஷ்யூர் மார்க்'னு பேரு. ஷ்யூர் மார்க் வாங்கித் தர்ற எதையும் நம்ம ஊர்ல யாரும் புரிஞ்சுக்கணும்னு மெனக்கெட மாட்டாங்க, அது தனிக் கதை.

சரி, ஒரு சமன்பாட்டை எடுத்துப்போம். 2எக்ஸ் + 3ஒய் = 12.

அட்டவணை வழியில போனா எக்ஸுக்கு 1 போடறோம். ஒய் = 10/3, அதாவது 3.33. கிராஃப் ஷீட்ல 3.33-ஐ எங்க வைப்பீங்க? மூணு சின்னக் கட்டம் தாண்டி உத்தேசமா ஒரு புள்ளி. அடுத்து எக்ஸ் = 2, ஒய் = 2.67. அதுவும் உத்தேசம். ஸ்கேலை வச்சா மூணு புள்ளியும் ஒரே கோட்டுல வராது. உடனே பென்சிலைக் கொஞ்சம் தடிமனா அழுத்தி எல்லாப் புள்ளியையும் 'கவர்' பண்ணிடுவாங்க பசங்க. தமிழ்நாட்டுல இந்தத் தொழில்நுட்பம் தெரியாத மாணவன் உண்டா?

இன்னொரு வழி. ஒய்யைத் தனியா கொண்டு வந்தா, ஒய் = மைனஸ் 2/3 எக்ஸ் + 4. அந்த 4 என்ன சொல்லுது? 'ஒய் அச்சுல 4-ல போய் நில்லு'. மைனஸ் 2/3 என்ன சொல்லுது? 'அங்கிருந்து வலப்பக்கம் 3 கட்டம் நட, 2 கட்டம் இறங்கு'. நின்ன இடம் (3, 2). மறுபடி 3 நட, 2 இறங்கு. (6, 0). ரெண்டு எட்டுல எக்ஸ் அச்சையே தொட்டாச்சு. தசமமும் இல்லை, உத்தேசமும் இல்லை. சாய்வைப் பின்னமா வச்சுக்கிட்டா கீழ இருக்கறது நடை, மேல இருக்கறது ஏத்தம் இல்ல இறக்கம். பின்னத்தை உடனே தசமமா மாத்தற நம்ம பழக்கம் இங்க கெடுதல். 0.666-னு எழுதின நிமிஷமே அந்த '3 நட, 2 இறங்கு' காணாமப் போயிடுது.

நேரம் மிச்சம்ங்கறது சின்ன லாபம்தான். பெரிய லாபம், இந்த வழியில கோடு போடறவன் ஒவ்வொரு தடவையும் ரெண்டு கேள்வி கேட்டே ஆகணும். எங்க ஆரம்பிக்குது? எவ்வளவு வேகமா மாறுது? அட்டவணைக்காரன் இந்த ரெண்டையும் கேட்காமலே கோட்டைப் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிடலாம்.

(நடுவுல ஒரு கிளைக்கதை. சாய்வுக்கு ஏன் எம்? டெகார்த் பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சுல ஏறுறதுக்கான சொல் எம்-ல ஆரம்பிக்குது, அதனாலன்னு ஒரு கதை சுத்திக்கிட்டிருக்கு. டெகார்த் சாய்வுக்கு எம் போட்டதே கிடையாது. கணித வரலாறு எழுதறவங்ககிட்டயும் இதுக்கு உறுதியான பதில் இல்லை. அமெரிக்காக்காரங்க சி-க்கு பதிலா பி போடறாங்க. ஸ்வீடன்ல சாய்வு கே, வெட்டுத்துண்டு எம்! அங்க போய் 'எம் தான் சாய்வு'ன்னு சொன்னா சிரிப்பாங்க. நம்ம ஈழத்து நண்பர்கள் சாய்வுன்னு சொல்றதில்லை, படித்திறன்னு சொல்வாங்க. 'படி' இருக்கறதால எனக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடிக்கும். இத்தனை நடைக்கு இத்தனை படி. சரி, எழுத்து எதுவா இருந்தா என்ன.)

ஆட்டோவுக்கு வருவோம்.

2013 ஆகஸ்டுல தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு அறிவிச்ச கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதுக்கு மேல ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். இதை எம்எக்ஸ் ப்ளஸ் சி-யா எழுதுங்க பார்ப்போம். நிறையப் பேர் டக்குனு 12எக்ஸ் + 25-ன்னு எழுதுவாங்க. தப்பு. அந்த 25 ரூபாய்ல முதல் 1.8 கிலோமீட்டர் அடக்கம். 1.8 × 12 = 21.60. 25-லேர்ந்து அதைக் கழிச்சா 3.40. ஆக, 1.8 கிலோமீட்டருக்கு மேல போற எந்தச் சவாரிக்கும் கட்டணம் = 12எக்ஸ் + 3.40.

இந்த 3.40 ஒரு வேடிக்கையான பிராணி. சென்னையில எவனும் எந்த ஆட்டோக்காரருக்கும் 3 ரூபாய் 40 காசு குடுத்ததில்லை. ஏன்னா கோடு உண்மையில ஒய் அச்சு வரைக்கும் வர்றதே இல்லை. 1.8 வரைக்கும் 25-ல படுத்தே கிடக்கும், அப்புறம்தான் எழுந்து 12 சாய்வுல ஏறும். அந்த ஏறுற கோட்டைப் பின்பக்கமா நீட்டினா 3.40-ல போய் ஒய் அச்சை வெட்டும். வெட்டுத்துண்டுக்கு எப்பவும் ஒரு நிஜ அர்த்தம் இருந்தே ஆகணும்னு அவசியமில்லை, சில சமயம் அது நம்ம கணக்கு வசதிக்கு நீட்டின வால் மட்டும்தான். அட்டவணை போட்டுப் பழகினவனுக்கு இந்தச் சந்தேகம் வர்றதுக்கு வாய்ப்பே இல்லை. அவன் 0 போடுவான், 3.40 வரும், புள்ளி வச்சுட்டுப் போயிடுவான்.

இப்போ சண்டைக்கு வருவோம். 'மீட்டருக்கு மேல 20 ரூபாய் போட்டுக் குடுங்க சார்'னு கேட்கறாரே, அவர் சி-யை மாத்தறார். கோடு அப்படியே 20 ரூபாய் மேல தூக்கப்படுது, சாய்வு மாறலை, ரெண்டும் இணைகோடுகள். நாலு கிலோமீட்டர் போனாலும் 20 தான் நஷ்டம், பத்து கிலோமீட்டர் போனாலும் 20 தான். இன்னொருத்தர் எதுவுமே கேட்க மாட்டார், சிரிச்ச முகமா மீட்டரைப் போடுவார். ஆனா அது சூடு வச்ச மீட்டர். அவர் எம்-மை மாத்தியிருக்கார். கிலோமீட்டருக்கு 12-க்கு பதிலா 15 ஓடுதுன்னு வச்சுப்போம். நாலு கிலோமீட்டருக்கு நியாயமா 51.40, இவர் மீட்டர் 58 காட்டும். ஆறே சொச்சம் ரூபாய், கண்ணுக்கே தெரியாது. பத்து கிலோமீட்டருக்கு நியாயம் 123.40, மீட்டர் 148. இருபத்தஞ்சு ரூபாய் காலி. கோடு தூக்கப்படலை, செங்குத்தா நிமிர்ந்திருக்கு. தூரம் போகப் போக ரெண்டு கோட்டுக்கும் நடுவுல இடைவெளி விரிஞ்சுக்கிட்டே போகும்.

மேல கேட்டு வாங்கறவர்கிட்ட நாம சத்தம் போடறோம். சூடு வச்சவருக்குத் தேங்க்ஸ் சொல்லிட்டு இறங்கறோம். எது பெரிய இழப்புங்கறது நீங்க போற தூரத்தைப் பொறுத்தது. மேல சொன்ன கணக்குப்படி கிட்டத்தட்ட எட்டரை கிலோமீட்டருக்குக் கீழன்னா 20 கேட்கறவர் காஸ்ட்லி, அதைத் தாண்டினா சிரிச்ச முகம் காஸ்ட்லி. இதுல இன்னொரு லாபமும் இருக்கு. ஒரே ஆட்டோவுல ஒரு சின்னச் சவாரி, ஒரு பெரிய சவாரி போய்ப் பார்த்தா போதும். ரெண்டுலயும் ஒரே அளவு அதிகம்னா கை வச்சது சி-யில. தூரத்தோட சேர்ந்து அதிகமாகுதுன்னா எம்-ல. ரெண்டு புள்ளி இருந்தா ஒரு கோடுங்கறதை நாம வேற எதுக்குத்தான் படிச்சோம்?

ஆட்டோக்காரங்க பக்க நியாயத்தையும் சொல்லணும். 2013-க்கு அப்புறம் பெட்ரோல் விலை என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2025 பிப்ரவரியில சில சங்கங்கள் தாங்களாவே புதுக் கட்டணம் அறிவிச்சாங்க. முதல் 1.8-க்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18. பேப்பர்ல 50-ஐப் பார்த்து எல்லாரும் 'ரெட்டிப்பு ஆக்கிட்டாங்க'ன்னு குதிச்சாங்க. சாய்வைப் பாருங்க, 12-லேர்ந்து 18, அதாவது ஒன்றரை மடங்கு. வால் 3.40-லேர்ந்து 17.60. கிட்டத்துச் சவாரிக்காரனுக்குத்தான் ரெட்டிப்பு. தூரம் போறவனுக்கு ஒன்றரையை நெருங்கிட்டே வரும். சரியா தப்பான்னு விவாதம் பண்ணுங்க, ஆனா எம்-மைப் பத்திப் பேசறோமா சி-யைப் பத்திப் பேசறோமான்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிச்சா சண்டை பாதி நேரத்துல முடியும்.

டிராவல்ஸ் வண்டி எடுக்கும்போதும் இதே கதை. டிரைவர் பேட்டா சி, கிலோமீட்டர் ரேட்டு எம். ஒருத்தர் பேட்டா 700, கிலோமீட்டருக்கு 13 கேட்கறார். இன்னொருத்தர் பேட்டா 400, கிலோமீட்டருக்கு 15. ரெண்டும் சந்திக்கற இடம் 150 கிலோமீட்டர், 2650 ரூபாய். அதுக்கு மேல போறதா இருந்தா பேட்டா அதிகம் கேட்கற ஆள்தான் மலிவு. நம்ம வீட்டுப் பெரியவங்க பேட்டாவுக்குத்தான் அரை மணி நேரம் பேரம் பேசுவாங்க, ரேட்டை விட்டுடுவாங்க.

இதைவிட முக்கியமா எனக்குப் படற ஒரு இடம் இருக்கு. செல்சியஸ், ஃபாரன்ஹீட். ஃபாரன்ஹீட் = 1.8 × செல்சியஸ் + 32. அழகான நேர்க்கோடு, சாய்வு 1.8, வெட்டுத்துண்டு 32. 2015 பாரிஸ் ஒப்பந்தத்துல உலகத்தோட சராசரி வெப்பநிலை உயர்வை 1.5 டிகிரி செல்சியஸுக்குள்ள வைக்க முயற்சி பண்ணணும்னு எழுதினாங்க. அமெரிக்காவுல இருக்கற உங்க கசினுக்கு இதை ஃபாரன்ஹீட்ல சொல்லணும். கன்வெர்ட்டர்ல 1.5 போட்டா 34.7-னு வரும். உலகம் 34.7 டிகிரி சூடாகப் போகுதுன்னு சொன்னா கசின் மயக்கம் போட்டு விழுந்துடுவான். சரியான விடை 2.7. ஏன்? 1.5 இங்க ஒரு வெப்பநிலை இல்லை, வெப்பநிலையில வர்ற மாற்றம். மாற்றத்துக்குச் சாய்வு மட்டும்தான் வேலை செய்யும், 32 ரெண்டு பக்கமும் இருந்து கழிஞ்சு போயிடும். சூத்திரத்தை நம்பர் போடற மெஷினா மட்டும் பார்க்கறவனுக்கு 34.7 தப்புன்னு தோணவே தோணாது. கோட்டுல எது நிக்கற இடம், எது நடைன்னு பிரிச்சுப் பார்க்கறவன் விழ மாட்டான்.

இறங்கு கோட்டுக்கு ஒண்ணு. மொட்டைமாடி டேங்க்ல 1000 லிட்டர் இருக்கு, நிமிஷத்துக்கு 10 லிட்டர் காலியாகுது. சாய்வு மைனஸ் 10, ஒய் வெட்டுத்துண்டு 1000. எக்ஸ் அச்சை வெட்டற இடம் 100, அதாவது நூறு நிமிஷத்துல குழாய்ல காத்து வரும். அவ்வளவுதான்.

சாய்வுல ஒரு ஆபத்தும் இருக்கு, அதைச் சொல்லாம விட்டா நேர்மை இல்லை. கண்ணுக்குத் தெரியற சரிவும் கணக்குல இருக்கற சாய்வும் ஒண்ணு இல்லை. அதே ஆட்டோக் கோட்டை எடுத்துக்கோங்க. எக்ஸ் அச்சுல 1 செ.மீ-க்கு 1 கிலோமீட்டர், ஒய் அச்சுல 1 செ.மீ-க்கு 12 ரூபாய்னு வச்சா கோடு 45 டிகிரில ஏறும். ஒய் அச்சுல 1 செ.மீ-க்கு 60 ரூபாய்னு வச்சா ஏறக்குறைய 11 டிகிரி, திண்ணை மாதிரி படுத்திருக்கும். 1 செ.மீ-க்கு 4 ரூபாய்னு வச்சா 70 டிகிரிக்கு மேல, ஏணி மாதிரி. மூணுலயும் சாய்வு 12 தான். 'சாய்வு = டேன் தீட்டா'ங்கறது கண்ணால பார்க்கற கோணத்துக்குப் பொருந்தணும்னா ரெண்டு அச்சுக்கும் ஒரே அளவு இருக்கணும்.

இந்த ஓட்டையிலதான் பாதி உலகம் பிழைப்பு நடத்துது. நான் முன்னாடி வேலை பார்த்த ஒரு இடத்துல மாசாமாசம் கிளையன்ட் மீட்டிங்குக்கு ஒரு ஸ்லைடு போகும். ஒய் அச்சு 0-லேர்ந்து ஆரம்பிக்காது, 90-லேர்ந்து ஆரம்பிக்கும். 92 சதவீதம் 95 ஆனது ராக்கெட் மாதிரி ஏறும். எல்லாரும் கை தட்டுவாங்க. எண்களைப் பார்த்தா சாய்வு மாசத்துக்கு அரை சதவீதம். கோடு இடது ஓரத்துல தொடற இடத்தை வெட்டுத்துண்டுன்னு நினைச்சுடாதீங்க, அச்சையே வெட்டி எடுத்துட்டாங்க. நம்ம பத்தாவது கிராஃப்ல அச்சை நடுவுல நெளிச்சுக் காட்டுவோமே, அந்த நெளிவுகூட இருக்காது. கார்ப்பரேட் ஸ்லைடைவிடப் பத்தாவது படிக்கற பையனுக்கு நேர்மை அதிகம்!

நம்ம துறை ஆட்களுக்கு ஒரு கொசுறு. இன்ஜினியரிங்ல கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் பேப்பர் படிச்சவங்களுக்கு பிரெசன்ஹாம் அல்காரிதம் ஞாபகம் இருக்கும். இருக்காது, பரீட்சைக்கு முந்தின நாள் ராத்திரி மனப்பாடம் பண்ணினது :-) ஐபிஎம்-ல இருந்த ஜாக் பிரெசன்ஹாம் 1962-ல உருவாக்கி 1965-ல வெளியிட்டது. கோடு போடற பிளாட்டர் மெஷினுக்காக. அவர் அட்டவணை போடலை. ஆரம்பப் புள்ளியில நிக்கறார். வலப்பக்கம் ஒரு எட்டு வைக்கறார். சாய்வால சேர்ந்துக்கிட்டே வர்ற பாக்கியைப் பார்த்து, 'இப்போ மேல ஒரு படி ஏறணுமா, வேண்டாமா'ன்னு முடிவு பண்றார். பின்னமும் வேண்டாம், பெருக்கலும் வேண்டாம், முழு எண் கூட்டல் கழித்தல் போதும். '3 நட, 2 இறங்கு'ங்கறதோட சொந்த அண்ணன். ஒன்பதாவதுல ஒழுங்கா நடந்து பழகியிருந்தா அஞ்சாவது செமஸ்டர்ல யாருக்கும் அதை மனப்பாடம் பண்ண வேண்டிய தேவையே வந்திருக்காது.

அட்டவணைக்கு ஆதரவா ஒரு வாத்தியார் பேசினா என்ன சொல்வார்னு எனக்குத் தெரியும். மூணாவது புள்ளி தப்பைக் காட்டிக் குடுக்கும். உண்மை. பரவளையத்துக்கு அட்டவணை இல்லாம கதியில்லை. அதுவும் ஏறக்குறைய உண்மை. எக்ஸ் = 4 மாதிரி செங்குத்துக் கோட்டுக்குச் சாய்வே கிடையாது, உன் எம்எக்ஸ் ப்ளஸ் சி அங்க படுத்துடும். நூறு சதவீதம் உண்மை. ஒரு கிளாஸ்ல அம்பது பசங்களை வச்சுக்கிட்டு சிலபஸ் முடிக்கற கஷ்டம் எனக்குத் தெரியாதுன்னும் சொல்வார், ஒத்துக்கறேன். அட்டவணையை எரிக்கச் சொல்லலை. சரி பார்க்கறதுக்கு வச்சுக்கோங்க, முதல் வேலையா வேண்டாம்.

நான் கேட்கறது கேள்வித்தாள்ல ஒரு சின்ன மாற்றம். எட்டு மார்க்ல ரெண்டை எடுத்து, கோட்டை நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க. அச்சுகளுக்குப் பேர் போட்டு, அளவு போட்டு. 'இந்தக் கோடு என்ன கதை சொல்லுது, ரெண்டு வரியில எழுது'ன்னு கேளுங்க. 700-ல ஆரம்பிச்சு 13 சாய்வுல ஏறுது, இது எந்த மாதிரிச் செலவா இருக்கலாம்? கோட்டை இணையா மேல தூக்கினா யாருக்கு லாபம்? நிமிர்த்தினா யாருக்கு? கைடு புத்தகத்துல விடை கிடைக்காது. ஷ்யூர் மார்க் போச்சேன்னு அப்பா அம்மாக்கள் கொடி பிடிப்பாங்க, அதையும் எதிர்பார்க்கறேன்.

அக்கா பொண்ணு ஒன்பதாவது படிக்கறா. போன மாசம் அவளுக்கு அட்டவணையை மூடி வச்சுட்டு ஒரு வாரம் 'நில்லு, நட' விளையாட்டு மட்டும்தான். ஒய் = 3எக்ஸ் மைனஸ் 5-ன்னு நான் சொல்றதுக்குள்ள காத்துல விரலாலயே கோடு போடறா. அக்கா மட்டும் 'டேய், மிஸ் அட்டவணை இல்லைன்னா மார்க் போட மாட்டாங்களாம்டா'ன்னு தினம் போன் பண்றா. இங்க ஆசிரியரா இருக்கற பதிவர்கள் யாராச்சும் இருந்தா சொல்லுங்க மக்களே, சாய்வு வெட்டுத்துண்டு வச்சு நேரடியா கோடு போட்டா திருத்தறப்போ நிஜமாவே முழு மார்க் குடுப்பீங்களா, மாட்டீங்களா?

பி.கு: செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணைக் காட்டற வெப்பநிலை ஒண்ணு இருக்கு. ஒய் = 1.8எக்ஸ் + 32, ஒய் = எக்ஸ், ரெண்டு கோட்டையும் போட்டா சந்திக்கற இடம். விடையைச் சொல்ல மாட்டேன். அட்டவணை போட்டுத் தேடறவங்க ஒரு ஸ்வெட்டர் எடுத்து வச்சுக்கோங்க, குளிரும்.